கல்யாணக் கறிக்கு வளர்த்த காளை

லூமிர் ஷிமெக் என் தங்கை ஜார்ஜியாவின் கணவன். அவனைப் போல ஓர் அவசரக்குடுக்கையை நெப்ராஸ்காவின் எந்த மூலையிலும் தேடிப் பிடிக்க முடியாது. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவான். பூசையில் சாமியார் ஆமென் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவன் சொல்லி முடித்திருப்பான். ஊரார் மக்காச்சோளம் காயட்டும் என்று காத்திருக்கும்போது இவன் மட்டும் ஈரத்தோடு அறுத்துக் கொட்டகையை நிரப்பி, அது சூடேறிப் பூஞ்சை பூத்து, பாதியைப் பன்றிகளுக்குக்கூடப் போட முடியாமல் போன வருஷங்கள் உண்டு.

என் தங்கையைக் கல்யாணத்துக்குக் கேட்ட லட்சணமும் அப்படித்தான். எங்கள் அப்பாவின் வேலி ஓரம் டிராக்டரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே கத்தினான்.

"ஜார்ஜியா, கல்யாணம் பண்ணிக்கலாமா? சட்டுனு சொல்லு, பெட்ரோல் எரியுது!"

அவள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வந்து கேளு. அப்புறம் யோசிக்கிறேன்."

இறங்கி வந்தான். அவனை இறங்கி வர வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கறிக்குக் காளை வளர்ப்பதையும் அவன் அப்படியேதான் ஆரம்பித்தான். கல்யாணமான வருஷம், புல்லை மட்டுமே தின்று வளர்ந்த ஒரு காயடித்த கன்றை வாங்கி வந்து, "சீக்கிரமே கொழுக்க வெச்சுக் காட்டறேன் பாரு" என்று ஒரு தொட்டி நிறையச் சோளத்தைக் கொட்டினான். அது ஆசை தீரத் தின்றது. வயிறு உப்பிக் கீழே விழுந்து செத்தே போனது. ஜார்ஜியா தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இந்தப் பட்டியில நான் சொல்றதுதான் நடக்கும்" என்றாள். உலர்ந்த குதிரைமசால் எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும், அரைத்த சோளமும் ஓட்ஸும் முதலில் ஒரு குவளை, மாட்டின் சாணம் இறுகி இருந்தால்தான் அடுத்த குவளை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மகள் மார்செல்லா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஜார்ஜியா கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு லூமிர் எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு அவசரப்பட்டான். வீட்டில் சும்மா உட்கார அவனுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டிக்குள் நுழைந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். வாளியை மெதுவாக வைப்பான். மாடு தின்கிற வரை பக்கத்தில் நிற்பான். அடிக்கிற நாள் நெருங்கும்போது, நாங்கள் மாவு பொங்கிவிட்டதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பதுபோல, வாலடியில் கையை வைத்து அமுக்கிக் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பான். பெயர் மட்டும் வைக்க மாட்டான். "பேரு வெச்சா சோறு இறங்காது இர்மா" என்பான். எந்த வருஷமானாலும் பெரியவன், சின்னவன் என்று இரண்டுதான். ஒற்றை மாடு ஏங்கிப்போகும் என்பதால் எங்கள் பக்கம் எல்லாருமே சோடியாகத்தான் வளர்ப்பார்கள். பெரியவனை இந்தக் குளிர்காலத்தில் அடித்தால், சின்னவன் அடுத்த வருஷம் பெரியவன் ஆவான்.

மார்செல்லாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ரிச்சர்ட் நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் அப்பா க்ளாரன்ஸ் பெனேஷைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் கொஞ்சம் கடுப்பு. பக்கத்து ஊரில் கறிக்கடையும் குளிர் அறையும் வைத்திருக்கிறார். மனுஷன் கெட்டவர் இல்லை, ஆனால் கறியைப் பற்றி வாயைத் திறந்தால் மூட மாட்டார். கல்யாணப் பேச்சுக்கு எல்லாரும் லூமிர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். கவுனை மாப்பிள்ளையின் அத்தை தைக்கிறேன் என்றாள். கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளைக் கோயில் பெண்கள் சுடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பியர் என் வீட்டுக்காரர் எட்வின் பொறுப்பு. பாண்டுக்காரர்கள் ரிச்சர்டின் சொந்தக்காரர்கள். க்ளாரன்ஸ் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கறியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

லூமிர் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"கறி என்னுது."

"அட உக்காருப்பா. வீட்டு மாடு சூப்புக்கு ஆகும். இது கல்யாணம். என் பக்கத்து ஆளுங்களும் வந்து சாப்பிடுவாங்க."

"கறி என்னுதுன்னு சொல்றேன்ல! கவுனு உங்க வீடு, பாண்டு உங்க வீடு, ரொட்டி கோயில் வீடு. எம் பொண்ணு கல்யாணத்துல நான் போட்டதுன்னு ஒண்ணு வேணாமா? கையை வீசிக்கிட்டு வந்து நிக்கணுமா நானு?"

மார்செல்லா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். க்ளாரன்ஸ் தாடையைத் தடவினார்.

"சரி. ஆனா ஒண்ணு. நீங்கல்லாம் நாலு பேரு சேந்து தொரத்திப் புடிச்சு அடிப்பீங்க. மெரண்ட மாட்டுக் கறி கருத்துப்போயி பிசுபிசுன்னு இருக்கும். வெட்டிப் பாக்கறப்ப அப்படி இருந்துச்சுன்னா என் கடைக் கறிதான் பந்தியில வரும். ஒத்துக்கறியா?"

நானாக இருந்தால் ராத்திரி யோசித்துக் காலையில் சொல்கிறேன் என்றிருப்பேன். இந்தப் புண்ணியவான் அவர் பேசி முடிப்பதற்குள் கையைக் குலுக்கிவிட்டான்.

தேதியையும் தள்ளிப்போட வழியில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் சாமியார் கல்யாணம் நடத்த மாட்டார். அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் கல்யாணம். கறி இரண்டு வாரமாவது தொங்கினால்தான் பதமாகும் என்பதால் நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்கள். அன்று நல்ல குளிர் இருக்கும், செவ்வாயிலிருந்து தெற்குக் காற்று அடித்து வெயில் வரும் என்று வானொலியில் சொன்னார்கள். சின்னவனைப் பதிலுக்கு அடிக்கலாமா என்றால், அவன் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான். இருப்பது ஒரே ஒரு மாடு.

ஞாயிறு மத்தியானம் லூமிர் சின்னவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான்.

"இர்மா, இவன் இன்னிக்கு உங்க கொட்டகையில கெடக்கட்டும்."

"எதுக்கு?"

"அடிக்கறதுக்கு முந்தின நாளு பெரியவனுக்குத் தண்ணி மட்டும்தானே? ஒரே பட்டியில இருந்தா இவனும்ல பட்டினி கெடக்கணும். இவன் என்ன பாவம் பண்ணான்?"

"அங்க பெரியவன் ஒண்டியா நின்னு கத்துவானேடா."

"ஒரு ராத்திரிதானே! கத்தட்டும்!"

அவிழ்த்து விட்டுவிட்டுப் போயே போய்விட்டான். பாவப்பட்டுச் செய்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசிக்காமல் பாவப்படுவதற்கு எங்கள் லூமிரை விட்டால் ஆள் கிடையாது.

திங்கட்கிழமை எனக்குத் துணி துவைக்கிற நாள். பொழுது விடிந்து, படுக்கை விரிப்புகளை எல்லாம் கொடியில் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினால், கொட்டகை வேலி ஓரம் சிவப்பாக ஒரு மலை நிற்கிறது. வெள்ளை முகம். பெரியவன்! ராத்திரி முழுக்கக் கூட்டாளியைத் தேடிக் கத்தியிருப்பான் போல. விடிந்ததும் படலை நெஞ்சால் முட்டிச் சாய்த்துவிட்டு, சாலையோடு தன் பாட்டுக்கு நடந்து வந்திருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் சின்னவன். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. பெரியவனின் விலா மூச்சு வாங்கி ஏறி ஏறித் தணிந்தது.

எட்வின் ஏற்கெனவே கத்தியோடு லூமிர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போய்த் தொலைபேசியைச் சுற்றினேன். அங்கே மார்செல்லா எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"பெரியம்மா, மாட்டைக் காணோம்! அப்பா தலையில கையை வெச்சுக்கிட்டு சுத்தறாரு. எல்லாரும் லாரியில கெளம்பறாங்க!"

"லாரியும் வேணாம் கீரியும் வேணாம்! இங்க என் துணிக்குப் பக்கத்துல நிக்குது. உங்கப்பனை மெதுவா வரச்சொல்லு. மெதுவான்னா என்னன்னு தெரியலைன்னா கேட்டுக்கிட்டு வரச்சொல்லு!"

பத்து ஆம்பிளைகள் கயிறும் கத்தலுமாக என் முற்றத்தில் வந்து இறங்கினால் அந்த மாடு தறிகெட்டு ஓடும். ஓடினால் கறி போச்சு. கறி போனால் லூமிர் தன் பெண்ணின் கல்யாணத்தில் விருந்தாளி மாதிரி நிற்க வேண்டியதுதான்.

ஆனால் லூமிர் நடந்து வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டிகளை எல்லாம் சாலை முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, கையை வீசாமல், காலை எட்டிப் போடாமல், கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவன்போல நடந்து வந்தான். அவன் பின்னால் க்ளாரன்ஸ் பெரிய ரப்பர் பூட்ஸோடு வந்தார்.

"கயித்தைப் போட்டு லாரியில ஏத்து. உன் வீட்டுல எல்லாம் தயாரா இருக்குல்ல" என்றார் க்ளாரன்ஸ்.

"ஏத்தினா மெரளும்."

"அப்ப இப்பவே இங்கயே சுட்டுடு. அசையாம நிக்குதுல்ல."

"மூச்சு வாங்குது பாரு. அது படுக்கணும். படுத்து அசை போடணும். அதுவரைக்கும் ஒருத்தரும் கிட்ட போகக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"எனக்கென்ன தெரியும்? அதைக் கேளு!"

இப்படியாக ஊர்வலம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடித்த மாட்டைத் தூக்கித் தொங்கவிடுகிற டிராக்டர், வெந்நீர் அண்டா, கத்திப்பெட்டி, ரம்பம், ஈரல் வாங்கிப் போக வந்த பக்கத்து வீட்டுப் பெண்களின் பாத்திரங்கள், மார்செல்லா சுட்டு வைத்திருந்த பன்றிக்கொழுப்பு பிஸ்கட்டுகள், எல்லாம் சாலையைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தன. எதையும் கீழே போடக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்று லூமிர் உத்தரவு. மாடு என்ன நினைக்குமோ என்று எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் சலவைக் கொடியின் கீழ் உட்கார்ந்து சீட்டாடினார்கள்! என் ஈர விரிப்பு எட்வின் தலையில் சொட்டியது. பெரியவன் நிதானமாக என் வைக்கோல் போரில் வாயை வைத்தான்.

"வயித்தை ரொப்பிக்கறான் பாரு. குடலை எடுக்கறப்ப கத்தி தவறினா நாறிடும்" என்று க்ளாரன்ஸ் முணுமுணுத்தார்.

"தவறாம எடுக்க உன்னைத்தானே கூப்பிட்டிருக்கேன்" என்றான் லூமிர். க்ளாரன்ஸுக்கு அது பிடித்திருந்தது. மறைத்துக்கொண்டு சீட்டை வீசினார்.

மத்தியானச் சாப்பாடு என் தலையில் விழுந்தது. உருளைக்கிழங்கு சூப்பைக் கிண்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லூமிர் மட்டும் சீட்டாடவில்லை. வேலி ஓரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மாட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தான். சூப்பை எடுத்துக்கொண்டு போனேன். என் தங்கை இறந்த வாரத்திலிருந்து அவன் இத்தனை நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சாப்பிடு. உக்காந்துகிட்டே சாப்பிட முடியுமான்னு பாப்போம்" என்றேன்.

"இர்மா, தப்பு பண்ணிட்டேன்ல? சின்னவனைப் பிரிச்சிருக்கக் கூடாது."

"கூடாதுதான். நான் சொன்னப்ப காது எங்க போச்சு?"

"ஜார்ஜியா இருந்திருந்தா விட்டிருக்க மாட்டா."

அவள் இருந்திருந்தால் கவுன், ரொட்டி, பாட்டு எல்லாவற்றிலும் எங்கள் வீட்டுக் கையும் இருந்திருக்கும். இவன் தனியாக இந்த ஒரு மாட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்காது. பக்கத்தில் நின்று அவன் சூப்பைக் குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது பெரியவன் முன்னங்காலை மடக்கினான். அப்படியே உடம்பை இறக்கி வேலியோடு சாய்ந்து படுத்தான். தாடை இப்படியும் அப்படியும் அசைந்தது. சீட்டாட்டம் தானாக நின்றது. லூமிர் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான். மாடு தானே எழுந்து நின்று சோம்பல் முறித்தபோதுதான் எட்வினிடம் துப்பாக்கிக்குக் கை நீட்டினான். முன்னால் போய், எப்போதும் போடுகிற மாதிரி ஒரு கைச் சோளத்தைத் தரையில் வைத்தான். பெரியவன் தலையைக் குனிந்தான். ஒரே ஒரு வெடிச் சத்தம். நான்கு கால்களும் ஒன்றாக மடங்கின. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பினான். லூமிர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பழைய லூமிர்தான். "பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, வாங்கய்யா, வாங்க!" என்று ஊரையே விரட்டினான்.

க்ளாரன்ஸின் கையைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அவ்வளவு நிறைந்த வயிற்றை ஒரு கீறல் படாமல் உருவி எடுத்தார். முதுகெலும்பின் நடுவே ரம்பத்தை ஓட்டியபோது இரண்டு பாதியும் சரிசமமாக இருந்தன. வாய் எப்படியோ, கை தங்கம். செவ்வாயிலிருந்து வெயில் வரப்போகிறதே என்று கறியைத் தன் குளிர் அறையிலேயே தொங்கவிடச் சொன்னதும் அவர்தான்.

மறுநாள் நாங்கள் அவர் கடைக்குப் போனோம். லூமிர் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மார்செல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். க்ளாரன்ஸ் கத்தியைத் தீட்டி, ஒரு பக்கத்து விலாவுக்கு நடுவில் இறக்கிக் கறியைப் பிளந்து காட்டினார்.

கறி கருநீலமாக இருந்தது.

"போச்சு!" என்றான் லூமிர். "கருத்துப்போச்சு. போச்சுடா எல்லாம். பெனேஷ், உன் கறியையே போட்டுக்க." கதவுப் பக்கம் திரும்பிவிட்டான்.

வருஷா வருஷம் தன் கையால் கறி வெட்டுகிறவன்! வெட்டிய கறி எடுத்த எடுப்பில் எந்த நிறத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும்தான். இருந்தாலும் அந்த நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. க்ளாரன்ஸ் நினைத்திருந்தால் அத்தோடு கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுக் கையைக் குலுக்கியிருக்கலாம். அவர் எட்டி லூமிரின் காலரைப் பிடித்தார்.

"நில்லுடா, அவசரத்துக்குப் பொறந்தவனே. காத்துப் படட்டும்."

நின்றோம். குளிர் அறையில் எங்கள் மூச்சு புகைந்தது. முதலில் ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று வந்தது. அது உள்ளே பரவியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலம் வடிந்து, முழுத் துண்டும் செர்ரிப்பழச் சிவப்பாக நின்றது. நடுவே வெள்ளைக் கொழுப்பு மெல்லிய நரம்பாக ஓடியது. க்ளாரன்ஸ் விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுப்பு இல்லை.

"என் கடையில இப்படி ஒண்ணு தொங்கி ரொம்ப நாளாச்சு" என்றார். "எவ்வளவு நாளா தீனி போட்டே?"

"மே மாசத்துல ஆரம்பிச்சது" என்று சொல்லிவிட்டு லூமிர் தானும் கறியைத் தொட்டுப் பார்த்தான். மார்செல்லா அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் மூக்கைச் சிந்திவிட்டு, குளிரினால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. வறுத்த கறி, வேகவைத்த மாவு உருண்டை, புளித்த முட்டைகோஸ், குழம்பு என்று தட்டு தட்டாகப் போனது. இரண்டாவது முறை கேட்டு வந்தவர்களில் க்ளாரன்ஸ் பக்கத்து ஆட்களே அதிகம். லூமிர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு மேசையாக நின்று மற்றவர்கள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது என்ன பழக்கம் என்று நான்தான் அவனைச் சமையலறைக்குள் இழுத்து வந்தேன்.

அங்கே மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எல்லாரும் முத்தம் கொடுத்து, படம் எடுத்து, கையைக் குலுக்கி, அவள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. வெள்ளைக் கவுனின் மேல் பாத்திரம் துடைக்கிற துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டு நிறையக் கறியை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். உதட்டோரம் குழம்பு.

"அப்பா, வாங்க. இதுல பாதி உங்களுக்கு" என்று முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி நீட்டினாள்.

லூமிர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். மென்றான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் இல்லை.

வெளியே பாண்டு நின்றுவிட்டது. க்ளாரன்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு முகமெல்லாம் வியர்வையாக உள்ளே வந்தார்.

"இங்க என்ன பண்றீங்க? மணப்பொண்ணு வந்தாத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். கூடமே நிக்குது, சீக்கிரம் வாங்க!"

லூமிர் திரும்பக்கூட இல்லை. மகளின் தட்டில் இன்னொரு துண்டை எடுத்து வைத்தான்.

"எம் பொண்ணு நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டிருக்கா" என்றான். "காத்திருக்கச் சொல்லு."

க்ளாரன்ஸ் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். கூடம் முழுக்கக் காத்திருந்தது.